வாசலில் நின்ற மேளம்

என் ஆசை அண்ணை,

போய் வந்துவிட்டோம். நீங்கள் கைத்தொலைபேசியைத் தூக்கித் தூக்கி எங்களுக்குக் காட்டின அந்த மலையூர்த் தேர்த் திருவிழாவை நானும் அண்ணியும் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, இப்போது லண்டன் மனோர் பார்க்கில் உங்கட வீட்டுக் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். உடம்பு இன்னும் ஜப்பான் நேரத்தில்தான் கிடக்கிறது. நாளைக்கு பஸ் கராஜில் எனக்கு ஷிப்ட். ஆனாலும் உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் சிரிப்பான விசயம். கோவில் பார்க்கவென்று ஜப்பானுக்குப் போய், ஒரு கோவிலுக்குள்ளும் கால் வைக்காமல் திரும்பி வந்த ஆட்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் வெளியில் நின்று பார்த்தோம். கூரை பார்த்தோம், மதில் பார்த்தோம், வாசல் கல்லில் இருந்த பாசி பார்த்தோம். எல்லாம் உங்களால் வந்தது.

நீங்கள் தைப்பொங்கல் கழிந்த கையோடு போய்விட்டீர்கள். முதலாம் வருசத்து ஆட்டைத் திவசம் வருமட்டும் எங்களுக்குத் துடக்கு. கோவில் வாசல் மிதிக்கக்கூடாது, திருவிழாவில் நிற்கக்கூடாது. ஆனால் மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டுவைத்துவிட்டுப் போனவர் நீங்கள்தானே? ஜப்பானுக்கு முதல் பயணத்தில் பூ பார்க்கப் போய் மழையில் நனைந்தோம். இரண்டாம் பயணத்தில் வைக்கோல் கூரை வீடுகளையும் பனியையும் பார்த்தோம். மூன்றாவது தேருக்கு என்று நீங்கள் கட்டளை போட்டிருந்தீர்கள். போவதா விடுவதா என்று நான் குழம்பிக்கொண்டிருக்க, சவுத்தாலில் இருக்கிற சின்னமாமா போன் எடுத்து, துடக்கு வீட்டுக்காரருக்கு என்ன சுற்றுலா என்று கேட்டார்.

அண்ணிக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. "மாமா, மலை பாக்கிறதுக்குத் துடக்கு இல்லை" என்று சொல்லி போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, போவோம், ஆனால் கோவில் எல்லாம் வெளியில் நின்றுதான் என்றார். அண்ணியின் சட்டம் உங்களுக்குத் தெரியும்தானே, கவுன்சில் சட்டத்தைவிட இறுக்கம்.

உண்மையைச் சொல்லட்டுமா அண்ணை? எனக்குத் துடக்கைப் பற்றிக் கவலையே இல்லை, அது ஒரு வருசத்தில் முடியும். என் பயமெல்லாம் அண்ணியைப் பற்றித்தான். தையில் இருந்து அவர் ரேடியோ போடவில்லை. ஒரு பாட்டுக் கேட்கவில்லை. யாராவது சிரித்தால் எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுவார். இப்படியே பழகி, வருசம் முடிந்தாலும் அவர் இதிலிருந்து வெளியே வராமலே இருந்துவிடுவாரோ என்று நான் பயந்துபோனேன்.

ஆடியில் எங்கட கோவில் தேர் ஓடினது. கவலைப்படாதேங்கோ, பத்திரமாய் இருப்பிடத்துக்கு வந்தது. தேர்ச் சில்லை நிறுத்தக் கட்டை போட உங்கட இடத்தில் இரண்டு பேரை விட்டார்கள். ஒரு ஆள் செய்த வேலைக்கு இரண்டு பேர் என்று கேட்க உங்களுக்குப் பெருமையாக இருக்கும். தேர் எங்கட தெருமுனையில் திரும்பும்போது, உங்களுக்கு மரியாதையாக நாதஸ்வரத்தையும் மேளத்தையும் நிறுத்திவிட்டார்கள். வருசா வருசம் அதே முனையில் நீங்கள் சில்லடியில் குனிந்து நிற்பதும், எதிர்ப்பக்கத்தில் அண்ணி "காலை எடுங்கோ, காலை எடுங்கோ" என்று தொண்டை கிழியக் கத்துவதும், சனம் சிரிப்பதும் வழக்கம். இந்த வருசம் ஒரு சத்தமும் இல்லை. அண்ணி வீட்டு ஜன்னலில் சீலைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். தேர் போன பிறகு திரையை இழுத்து மூடினார்.

அந்த மனுசியைத்தான் நான் ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆனால் என்ன ஊர் அண்ணை அது! நீங்கள் காட்டின படமெல்லாம் கால்வாசி. ரயிலில் இருந்து இறங்கி ஊர் பஸ்ஸில் ஏறினோம். நான் டிரைவருக்கு நேர் பின்னால் இருந்துகொண்டேன். வெள்ளைக் கையுறை போட்ட வயதான மனிதர். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் மைக்கில் எதையோ பணிவாகச் சொல்கிறார், வளைகிறோம், பிடித்துக்கொள்ளுங்கள் என்பதாக்கும். ஏறின கிழவி இருந்து, பையை மடியில் வைத்து, மூச்சு விட்ட பிறகுதான் பஸ் நகர்கிறது. லண்டனில் நான் அப்படி ஓட்டினால் என் பஸ் எட்மண்டன் போய்ச் சேர மத்தியானமாகிவிடும். பின்னால் நிற்கிற சனம் என்னைத் தூக்கி வெளியில் போட்டுவிடும்.

வழி நெடுக அறுத்த நெல்லைக் கொடியில் உடுப்புக் காயப்போடுவது மாதிரி தடிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரு மரம், அதில் தக்காளி மாதிரிச் செம்மஞ்சள் பழம். ஆறு ஒன்று கூடவே வந்தது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாறி மாறி. உங்களுக்கென்று விட்ட சீட்டில் அண்ணி தன் பையை வைத்திருந்தார். ஒரு பாலத்தில் பஸ் ஏறினபோது அந்தப் பையை ஜன்னல் பக்கம் தள்ளி வைத்தார். நீங்களும் ஆற்றைப் பார்க்கட்டும் என்றாக்கும்.

அருவிக்குப் பக்கத்தில் ஒரு கோவில் இருந்தது. எல்லோரும் படியேறிப் போக, நாங்கள் கீழே நின்று அருவியைப் பார்த்தோம். மலை உச்சியில் இன்னொரு கோவில்; அதற்கும் வாசல்வரைதான். எங்களைக் கோவிலைப் பார்த்துப் பயந்த ஆட்கள் என்று யாராவது நினைத்திருக்கலாம்.

தேர் ஓடுகிற ஊரில் நாங்கள் தங்கினது நொரிக்கோ அக்காவின் வீட்டில். அறுபது வயதிருக்கும், கணவர் இல்லை. வீட்டின் முன்பக்கத்து அறைகளை வருகிற ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறார். தெரு முழுக்க வாசலுக்கு வாசல் கடதாசிக் கூட்டு விளக்குத் தொங்கினது. ஒரு வீட்டில் மட்டும் இல்லை. அண்ணிக்குத்தான் அது முதலில் கண்ணில் பட்டது. கேட்டோம். போன வாரம் அந்த வீட்டில் ஒரு சாவு, அதனால் அவர்கள் விளக்குக் கட்டமாட்டார்கள் என்று நொரிக்கோ அக்கா போனில் மொழிபெயர்த்துச் சொன்னார். தேர் அந்த வாசலைத் தாண்டும்போது மேளம் அடிக்கமாட்டார்களாம். அண்ணி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் நொரிக்கோ அக்கா எங்களை ஊர்க் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பெரிய மரத்தூண், மேலே குறுக்கே இரண்டு மரம், அதுதான் வாசல். வழக்கம்போல் நாங்கள் வாசலுக்கு இங்கால் நின்றுவிட்டோம். கராஜில் என்னோடு வேலை செய்கிற ஆட்களுக்குத் துடக்கை விளங்கப்படுத்த எனக்கு ஒரு தேத்தண்ணி இடைவேளை முழுக்கப் போனது, அப்படியும் அவர்களுக்கு விளங்கவில்லை. அதனால் போனை எடுத்து நீளமாகத் தட்டத் தயாரானேன். என் அண்ணா இறந்து ஒரு வருசம் ஆகவில்லை, இவர் அவருடைய மனைவி என்று தட்டினேன். அவ்வளவுதான். நொரிக்கோ அக்கா அதைப் படித்துவிட்டு, தானும் வாசலைத் தாண்டாமல் திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். தங்களுக்கும் அப்படித்தான் என்றார். தங்களுக்கு நாள் குறைவு, எங்களுக்கு அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். மூன்று பேரும் வெளியில் நின்று கும்பிட்டோம்.

திரும்புகிற வழியில் தேர்களைக் காட்டினார். அண்ணை, நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மூன்று தட்டு, கறுப்புப் பூச்சு, மூலைக்கு மூலை பொன் தகடு, உச்சியில் பொம்மை. ஆனால் நான் பார்த்தது சில்லைத்தான். முழு மரம். ஸ்டியரிங் இல்லை, பிரேக் இல்லை. திருப்புவதற்குப் பக்கத்துக்கு ஒருவர், ஆளைவிட நீளமான தடியைச் சில்லுக்கடியில் கொடுத்து நெம்புகிறார்கள். கட்டை போடுகிறவரும் நிற்கிறார், குனிந்து, உங்களைப் போலவே பின்பக்கத்தைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு. நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை, ஆனால் மற்றப் பக்கம் போகவும் இல்லை.

பின்னேரம் குளித்து உடுப்பு மாற்றி வெளியில் வந்தால், நொரிக்கோ அக்காவின் வாசலில் விளக்கு இல்லை. காலையில் இருந்தது. கழன்று விழுந்ததாக்கும் என்று நினைத்து நான் கீழே தேடினேன். அவர் உள்ளே இருந்து வந்து, அமைதியாக போனில் தட்டிக் காட்டினார். இன்றைக்கு என் வீட்டில் துக்கம் இருக்கிறது, அதனால் எடுத்துவிட்டேன்.

யாருக்காக எடுத்தார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் போனது. உங்களுக்காக அண்ணை. முகம் தெரியாத மனோர் பார்க் மனுசனுக்காக.

அதற்குள் தேர் தெருவுக்குள் வந்துவிட்டது. புல்லாங்குழல், மேளம், கயிறு பிடித்த சனம், பிள்ளைகளின் கூச்சல். ஐந்தாறு வீடு தள்ளி அந்தச் சாவு வீட்டில் மேளம் நின்று, தாண்டினதும் திரும்பத் தொடங்கினது. பிறகு எங்கட வாசல். விளக்கு இல்லாத வாசலைக் கண்டதும் மேளக்காரர் குச்சியை மடியில் வைத்தார்கள். குழல் நின்றது. கூச்சல் நின்றது. சில்லு கல்லில் அரைபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கயிறு பிடித்தவர்கள் எங்களைப் பார்த்துத் தலை குனிந்தார்கள்.

அண்ணி என் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் வளையல் என் தோலில் அழுந்தினது.

"வதனி, அடிக்கச் சொல்லு."

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கு எங்கட தெருவிலயும் நிப்பாட்டினவை. இண்டைக்கும் நிப்பாட்டுகினம். பிறகு அவர் எப்ப தேரைக் கேக்கிறது? உன்ர அண்ணை இதைக் கேக்கத்தானே இவ்வளவு தூரம் வர இருந்தவர். அடிக்கச் சொல்லு."

போனில் தட்டினேன். இறந்தவர் தேருக்குக் கட்டை போட்டவர், அவருக்கு மேளம் வேண்டும். நொரிக்கோ அக்கா படித்தார். விளக்கையும் எடுத்து வரட்டுமா என்று கையால் கேட்டார். அண்ணி தலையாட்டி மறுத்தார். விளக்கு வேண்டாம், துடக்கு துடக்குத்தான், மேளம் மட்டும் போதும் என்றார். அந்த நேரத்திலும் சட்டம்! நொரிக்கோ அக்கா தேரடிக்குப் போய் மேலே இருந்தவர்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். பெரிய மேளத்துக்காரர் எழும்பி நின்று ஒருதரம் குனிந்தார். பிறகு அடித்தார்.

அந்த அடியை உங்களுக்கு எப்படிச் சொல்ல? வீட்டுக் கதவு அதிர்ந்தது. என் நெஞ்சு அதிர்ந்தது. குழல் எடுத்தது, சனம் கூவினது, கயிறு இறுகினது. எங்கட வாசலுக்கு நேரேதான் முனை. தேர் அங்கே திரும்ப வேண்டும். தடிக்காரர் நெம்ப, பின்சில்லு சறுக்கி எழும்ப, கட்டை போடுகிற பொடியன் சில்லுக்கு மிக அருகில் குனிந்தான்.

"காலை எடுங்கோ! தம்பி, காலை எடுங்கோ!"

என் பக்கத்தில் நின்ற அண்ணிதான், அண்ணை. தையிலிருந்து பூட்டி வைத்திருந்த முழுக் குரலும் அந்தத் தெருவில் வெளியே வந்தது. அந்தப் பொடியனுக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் காலை எடுத்தான். தேர் திரும்பினது. சனம் அண்ணியைப் பார்த்துச் சிரித்தது, எங்கட தெருமுனைச் சனம் சிரிக்கிற மாதிரியே. அண்ணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும் இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். நொரிக்கோ அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, ஏன் எதற்கு என்று கேட்காமல் கைதட்டினார்.

வந்து இறங்கின அன்றே குசினியில் ரேடியோ போட்டாயிற்று. இப்போதும் பாடுகிறது, அண்ணி வெங்காயம் வெட்டுகிறார். பாட்டுக்காரன் சுருதி பிசகினால் இங்கிருந்தே ஏசுகிறார். நொரிக்கோ அக்காவை அடுத்த ஆடிக்கு லண்டன் வரச் சொல்லி அழைத்தும் விட்டார், எங்கே படுக்க வைப்பது என்றுதான் இன்னும் யோசிக்கவில்லை. சின்னமாமா விசயம் கேள்விப்பட்டு என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? தானும் அடுத்த முறை வரலாமா என்று கேட்டார்.

ஆட்டைத் திவசம் முடியட்டும் அண்ணை. ஆடித் தேரன்று நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு அண்ணியைத் தெருமுனைக்குக் கூட்டிக்கொண்டு போவேன், இது சத்தியம். சீலைத் திரைக்குப் பின்னால் இல்லை, சில்லுக்கு நேர் எதிரே, வழக்கமான அதே இடத்தில். மேளத்தை ஒரு நொடியும் நிறுத்த வேண்டாம் என்று கோவிலில் சொல்லிவிட்டேன். தேர் திரும்பும்போது அண்ணி கத்துவார். கட்டை போடுகிற இரண்டு பேரும் காலை எடுப்பார்கள். நீங்கள் எங்கே குனிந்து நிற்கிறீர்களோ தெரியாது. அவர் குரல் கேட்டால் நீங்களும் காலை எடுத்துக்கொள்ளுங்கோ.

இப்படிக்கு,
பஸ் சில்லு உருட்டிப் பிழைக்கிற உங்கட ஒரே தங்கச்சி,
வதனி