காய்ச்சினாலும் போகாது

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. எங்கள் ஆய்வுக்கூட வேனில் இருபது கேன் தண்ணீர் அனுப்பியிருக்கிறேன். குழந்தைக்குப் பால் கரைக்க அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தால் முதலில் அதைக் கொட்டிவிடு. பிறகு உட்கார்ந்து படி.

காலையில் போனில் சொல்லத்தான் ஆரம்பித்தேன். "பூதக்கண்ணாடியில பார்த்தா எறும்புகூட யானைதான்டி" என்று சிரித்தாய். குழந்தை அழுகிறது, மூன்று நாளாக இதே அழுகைதான் என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ எடுக்கவே இல்லை.

நேற்று அத்தான் இங்கே வந்தபோது பாதி குடித்த பாட்டிலை என் மேஜையில் மறந்துவிட்டுப் போனார். உங்கள் வீட்டுக் குழாயில் பிடித்தது. சும்மா ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இங்கே எங்கள் ஏரியில் இரண்டு வருடமாக நாங்கள் மல்லுக்கட்டும் அதே நீலப்பச்சைப் பாசி, நூல் நூலாக. வெயில் ஊர்களிலிருந்து பரவி வந்தது, குளிர் தாங்காது. மேலே ஏடு கட்டாது, நாறாது, தண்ணீர் பார்க்க நன்றாகவே இருக்கும். அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். காய்ச்சினால் பாசி சாகும். நஞ்சு போகாது, தண்ணீரில்தான் இறங்கும். உங்கள் மோட்டார் நேராக ஏரியிலிருந்துதானே இழுக்கிறது? நான்கு மாதப் பிள்ளைக்கு இரண்டு முறை காய்ச்சிக் கொடுக்கிறேன் என்று நீ பெருமையாகச் சொன்னாயே.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். திட்டுவதானால் திட்டு. போன வருடம் எங்கள் ஏரியில் வேலை முடிந்து நேராக உன் வீட்டுக்கு வந்தேனே, அன்று சேற்று பூட்ஸையும் மாதிரி எடுக்கும் வலையையும் உங்கள் ஏரிக்கரையில்தான் அலசினேன். செய்யக்கூடாது என்று தெரியும். மலை ஏரிக் குளிரில் எது பிழைக்கப் போகிறது என்ற அலட்சியம். பனி பெய்திருந்தால் செத்தும் இருக்கும். "இந்த வருஷம் குளிரே இல்ல, துணி ஒரே நாள்ல காயுது" என்று நீ சொன்னபோது நானும் சந்தோஷப்பட்டேன். கோடையும் முன்னாலேயே வந்து இன்னும் போகவில்லை. பாசி வாத்தின் காலில் ஒட்டிக்கூட வந்திருக்கலாம் என்கிறார் எங்கள் மேலாளர். இருக்கலாம். அலசியது நான்தான் அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது.

பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய்க் கண்ணின் வெள்ளையைப் பார். மஞ்சள் தெரிந்தால், பால் குடிக்காமல் துவண்டிருந்தால், துணிமணி எடுத்துக்கொண்டிருக்காதே, அதே வேனில் ஆஸ்பத்திரிக்குப் போ. இல்லாவிட்டாலும் நாளைக்குள் டாக்டரிடம் காட்டு. மஞ்சள் இல்லை என்று ஒரு வரி எழுதி டிரைவரிடம் கொடு. அதை வாங்காமல் திரும்பி வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளை நூறு வயது இருக்கட்டும்.

உன் கையால் குட்டுப்பட்டு வளர்ந்த
தங்கை