தோல் பட்டையும் பால்குடமும்

8 ஜனவரி 1962

விரதம் ஆரம்பித்தாயிற்று. போன வருஷம் மூட்டுவாதத்தில் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது முருகனிடம் கேட்டது ஒன்றுதான். எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்றேன். ஆஸ்பத்திரியில் வலது முட்டிக்கு ஒரு பட்டை செய்து கொடுத்தார்கள். கெட்டித் தோல், இரண்டு பக்கமும் இரும்புத் தகடு, மேலும் கீழும் வார். வேர்க்கிறது, அரிக்கிறது, கிறீச்சிடுகிறது. ஆனால் நடக்கிறேனே!

11 ஜனவரி

பாக்கியலட்சுமி அண்ணி வந்தார், என் வீட்டுக்காரருடைய அக்கா. நான் எழுந்தபோது வந்த சத்தம் என்னவென்று கேட்டார். சேலையை விலக்கிக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"மாட்டுத் தோலைக் கால்ல கட்டிக்கிட்டா முருகனுக்குப் பால் கொண்டு போவே?"

எனக்குப் பதிலாக அவரே எடுக்கிறாராம். வேண்டிக்கொண்டது நான். வலியில் கத்தியது நான். நடுவில் அண்ணிக்கு என்ன?

தவிலில் கட்டியிருப்பது என்ன, வாழைப்பட்டையா? அது சாமி முன்னால் முழங்கலாம், என் முட்டியில் இருந்தால் மட்டும் ஆகாது! இதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். 

12 ஜனவரி

கோயிலில் யாரும் பட்டை கூடாது என்று சொல்லவில்லை. எல்லாம் வீட்டுக்குள்தான். இவரிடம் கேட்டால், "நாலு பேரு என்ன சொல்லுவாங்க? அக்காவே எடுக்கட்டும் லா" என்கிறார். அந்த நாலு பேரா வந்து எனக்குத் தைலம் தேச்சு விட்டாங்க? என்ன மனுஷங்க இவங்க!

14 ஜனவரி

பொங்கல். இனித்தது பொங்கல் மட்டும்தான்.

16 ஜனவரி

சரி, பட்டை இல்லாமல் முடிகிறதா பார்ப்போம் என்று தேக்கா மார்க்கெட் வரை நடந்தேன். காய்கறிக் கடை வாசலிலேயே முட்டி மடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஆமினா பீவி பிடித்திருக்காவிட்டால் முகம் குப்புறத்தான் விழுந்திருப்பேன். அழுகை வந்தது. வலியால் இல்லை, கோபத்தில்.

இவரிடம் சொல்லிவிட்டேன்: பட்டையோடுதான் போவேன், வெட்கமாயிருந்தால் நீங்கள் வர வேண்டாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நல்லது.

தைப்பூசம்

போய் வந்துவிட்டேன்.

சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் குடத்தைத் தலையில் ஏற்றிவிட்டார்கள். இவர் வந்திருந்தார், ஆனால் யாரோ போலப் பின்னால் தள்ளித் தள்ளி நடந்தார். அண்ணியும் வந்திருந்தார் – மஞ்சள் சேலை கட்டி, நான் எப்போது விழுவேன் என்று காத்திருப்பவர் மாதிரி. என் கிறீச் சத்தம் மேளத்தில் கேட்கவில்லை.

டோபி காட் பக்கம் வார் கழன்றுவிட்டது. பட்டை கணுக்காலுக்கு வழுக்கி இறங்கியது. குடத்தை இறக்கி வைக்கக் கூடாது. வைத்தாலும் என்னால் குனிய முடியாது. அப்படியே நின்றுவிட்டேன்.

"குடு, நான் கொண்டு போறேன்" என்று அண்ணி இரண்டு கையையும் நீட்டினார்.

கொடுக்கவில்லை. ஆனால் இன்னும் எவ்வளவு நேரம் நின்றிருப்பேனோ, தெரியாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இவர் வந்தார். நடு ரோட்டில், அத்தனை பேர் பார்க்க, வேட்டி தாரில் பட மண்டி போட்டார். பட்டையை மேலே இழுத்து வாரை மாட்டினார்.

"இறுக்கமா இருக்கா?"

"இன்னும் ஒரு ஓட்டை."

இறுக்கினார். அதற்கப்புறம் டேங்க் ரோடு முருகன் கோயில் வரை என் பக்கத்திலேயே நடந்தார்.

பால் அபிஷேகம் ஆனது. திருநீறு வாங்கி வந்து என் நெற்றியில் இவரே பூசிவிட்டார். பட்டையைத் தொட்ட கையைக் கழுவவில்லை. அண்ணி பக்கத்தில்தான் நின்றார். அண்ணியின் நெற்றிக்கும் இவர் அதே கையை நீட்டினார்.