கறுப்புத் திரையில் குப்பைத்தொட்டி உண்டா?

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். சிறைக்குள் இருப்பவரிடம் நலமா என்று கேட்டால் கிண்டல் போல இருக்கும், ஆனாலும் கேட்கிறேன். விசாரணையில் உங்கள் முதுகை உரித்ததை வக்கீலிடம்கூடச் சொல்லவில்லையாமே. வாய்க்குப் பூட்டா போட்டிருக்கிறீர்கள்?

அச்சகத்தைக் கழுவிவிட்டேன். காகிதம் வெட்டும் இயந்திரத்தடியில் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தும் தரை கறுத்தே கிடக்கிறது. கதவைத் திறந்தாலே பாப்பா என் காலைக் கட்டிக்கொள்கிறாள். பெரியப்பா எங்கே என்று இப்போது கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போலீஸ் வாசல் கேமராவோடு போய்விட்டது. காகிதம் வீணாவதைப் பார்க்க இயந்திரத்துக்கு மேலே நீங்கள் மாட்டினீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை. அதன் படமெல்லாம் உங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரில்தானே இருக்கும்? உங்கள் அண்ணனை நீங்களே அடித்துக் கொன்றதாக எழுதிக்கொடுத்ததற்கு ஆயுள் தண்டனை நிச்சயமாம். அன்று அவர் உங்களைப் படுத்திய பாட்டைக் கோர்ட் கண்ணால் பார்த்தால் கதை மாறும் என்கிறார் வக்கீல்.

அதனால் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், சிரிக்காதீர்கள். அந்தக் கறுப்புத் திரையில் கடவுச்சொல்லை அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை செத்துவிட்டதென்று அதை இரண்டு தட்டுத் தட்டினேன். அது அப்படித்தானா? ஒரு கோப்பு இருக்கும் இடத்தை எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறா? ஓடிக்கொண்டிருந்த வரிகளில் ஒன்றை நகலெடுக்கலாமென்று கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினேன், எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. எதையாவது கெடுத்துவிட்டேனா? கைதவறி அழித்துவிட்டால் திரும்ப எடுக்கக் குப்பைத்தொட்டி உண்டா?

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

*

பாப்பாவின் அப்பாவுக்கும், இதைப் பிரித்துப் படிக்கும் காவலர் ஐயாவுக்கும் வணக்கம்.

ஐயா, போன கடிதத்தில் இவர் எழுதியிருந்த கட்டளை புரியாமல்தான் முத்திரை குத்தி அனுப்பியிருப்பீர்கள். எனக்கும் முதலில் புரியவில்லை.

உங்கள் பதில் கிடைத்தது. கடவுச்சொல் கண்ணுக்குத் தெரியாது, அது அப்படித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. கண்ட்ரோல் சி அங்கே நகலெடுக்காது, ஓடுவதை நிறுத்தும். கேமராவின் பதிவை நிறுத்திவிட்டாய், உடனே ஓடவிடு என்று திட்டியிருக்கிறீர்கள். கடைசியில், படத்தை வெளியே எடுக்க ஆர்எம் என்று தொடங்கும் ஒரு வரியை ஒரு எழுத்து மாறாமல் அடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, குப்பைத்தொட்டிக்கு மட்டும் இல்லை. அங்கேதான் எனக்கு இடித்தது. 'தெரியாத கட்டளையை அடிக்காதடா, முதல்ல மேன் போட்டுப் படி' என்று கடைப் பையன்களைத் திட்டுவீர்களே. நானும் மேன் என்று அடித்து, திரையில் வந்த விளக்கத்தைப் படித்தேன். ஆர்எம் அழிக்கிற கட்டளையாம். குப்பைத்தொட்டியும் கிடையாதாம்.

ஓடவிட்டிருந்தால் புதுப் படம் பழையதை அழித்திருக்கும், இல்லையா? அதற்குத்தான் வக்கீலிடம் வாய் திறக்காமல் இருந்தீர்கள். நான் தெரியாமல் அழுத்தியதால் அது தப்பித்தது.

படத்தைப் பார்த்தேன். அச்சகத்தை விற்கமாட்டேன் என்று நீங்கள் தலையாட்டுகிறீர்கள். உங்கள் அண்ணன் அந்தத் தலையைப் பிடித்து இயந்திரத்தில் மோதுகிறார், மறுபடியும் மோதுகிறார். உங்கள் மூக்கு உடைந்து காகிதக் கட்டெல்லாம் சிவந்துபோகிறது. இரண்டு கையாலும் கழுத்தை நெரிக்கிறார். உங்கள் கால்கள் உதைத்து உதைத்து ஓய்ந்துபோகின்றன. அப்போது நான் வருகிறேன். பெரிய ஸ்பானரால் அவர் மண்டையில் அடிக்கிறேன். திரும்புகிறார், முகத்தில் அடிக்கிறேன், விழுகிறார். விழுந்தவரை இன்னொரு முறையும் அடிக்கிறேன். படத்தில் சத்தம் இல்லை, என் காதில் இருக்கிறது. பிறகு நீங்கள் தவழ்ந்து வந்து ஸ்பானரை என் கையிலிருந்து பிடுங்குகிறீர்கள். என்னைக் கை கழுவிக்கொண்டு வரச் சொன்னது அப்போதுதான்.

அந்தக் கடைசி அடிக்குத்தானே பயந்தீர்கள்? உங்கள் உயிரைக் காக்க முன்னால் அடித்ததற்கெல்லாம் சட்டத்தில் இடம் உண்டாம், அதற்கு மட்டும் சொல்ல முடியாது என்கிறார் வக்கீல். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடித்தவள் நான். நீங்கள் உள்ளே கிடக்க, அந்தத் தரையை நான் தேய்த்துக்கொண்டே இருக்க முடியாது.

சிபி என்றால் நகல். அதையும் மேன் போட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு நகல் வக்கீலிடம் போய்விட்டது. இன்னொன்றோடு நாளைக் காலை நான் காவல் நிலையத்துக்குப் போகிறேன். நீங்கள் வரும்வரை பாப்பா என் தங்கையிடம் இருப்பாள். அச்சகக் கதவைத் திறந்ததும் அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள், தரையைப் பார்க்கவிடாதீர்கள்.

இனிமேல் உள்ளேயிருந்து கேள்வி கேட்கப்போவது நான். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் வேண்டுகிறேன், கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி