இன்று அபி அழுதாள்

புதன்கிழமை

நான் அபியைக் கெடுத்துவிட்டேன் என்கிறார்கள். கெடுக்கவில்லை. எட்டு மாதமாகத் தினமும் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, கொட்டாஞ்சேனைச் சிறுவர் இல்லத்தில் அந்த இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சோறூட்டினேன். அவ்வளவுதான்.

முன்பு அவள் எந்த அந்நியரிடமும் கை நீட்டிப் போவாள். தங்கமான பிள்ளை என்பார்கள். பிறந்த நாளிலிருந்து கைமாறி வளர்ந்தவளுக்கு எல்லாக் கையும் ஒரே கைதான்.

இன்று தன் பிறந்தநாளுக்குச் சாப்பாடு கொடுக்க வந்த ஒரு பெண், "வாங்கோ செல்லம், போட்டோ எடுப்பம்," என்று அவளைத் தூக்கினாள். அபி வீரிட்டு அழுது என் சேலையைப் பிடித்தாள்.

"முந்தி ஆரிட்டையும் போற பிள்ளை, அன்ரி! இனி நீங்கள் வராதேங்கோ," என்றார் இல்லப் பொறுப்பாளரான மேற்றன்.

"அதுதான் அவளுக்கு இருந்த வருத்தம், நோய். இண்டைக்குத்தான் ஆள் தெரிஞ்சு அழுகிறாள்," என்றேன்.

கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். கடிதம் எழுதத் தெரியும். காலையில் நிர்வாகக் குழுவிடம் கொடுப்பேன். அதில் கேள்வி ஒன்றே: நாளை அவள் என்னைத் தேடி அழுதால், தினமும் மாறாமல் அவளைத் தூக்கப்போகிறவர் யார்? ஒரே ஒரு பெயரைக் குறித்து, எழுத்தில் பதில் தாருங்கள்.