குதிரைதான் சொன்னேன்

தாரண வருஷம், மாசி 4

காலையில் பனி. கத்தரிக்குத் தண்ணீர். மண்ணெண்ணெய் இன்றும் கிடைக்கவில்லை.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் செல்லம் எழுதுகிறாள். யாருக்கும் காட்ட அல்ல. ஊரில் ஆளாளுக்கு நான் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்கிறார்கள். சொன்னது சொன்னபடி ஓரிடத்தில் இருக்கட்டும்.

மகன் முத்தையா பட்டாளத்தில் ஆகாய விமானம் ஓட்டுகிறான். பர்மாப் பக்கம் சண்டை. போன வைகாசியில் குண்டு பட்ட விமானத்தைக் கீழே விடாமல் ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தானாம். நன்றாகப் பறந்தவர்களுக்கென்றே சர்க்கார் ஒரு பதக்கம் வைத்திருக்கிறது. அது இவனுக்கு. நேற்று லீவில் வந்தான். நாலு கை வைத்த வெள்ளித் துண்டு. மேலே கோடு போட்ட பட்டு நாடா, கோடும் சாய்வு.

வாசலில் ஓயாத கூட்டம்.

"இம்புட்டுத்தானா?"

"வெள்ளியா, ஈயமா?"

"இதோட நெலம் ஏதும் குடுப்பாகளா?"

ஒருவன் பல்லால் கடித்தே பார்த்துவிட்டான். எல்லாரும் போனதும் முத்தையா பதக்கத்தை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினான்.

மாசி 5

வெயில் இப்போதே சுடுகிறது. முந்திரி பூத்திருக்கிறது.

அவன் பட்டாளத்துக்குப் போன அன்று அய்யனார் முன்னால் நின்று நான் சொன்னது: "புள்ள திரும்பி வந்தா ஒனக்கு ஒரு மண்குதிரை." இவ்வளவுதான். அவன் லீவில் வருவதாகத் தகவல் வந்ததும், தை பிறந்தவுடன், கண்மாய் மண்ணில் ஒரு பிடி எடுத்து, குதிரை செய்யும் வேளார் கையில் வைத்தேன். பிடிமண் கொடுத்தால் வாக்குக் கொடுத்த மாதிரி. அவன் மறுபடி பறக்கப் போகுமுன் குதிரை கோயிலில் நிற்க வேண்டும். எனக்கு வேறு கவலை இல்லை.

இன்று வேளார் கொட்டகைக்குப் போனால் குதிரையைக் காணோம். நீளமாக ஒரு வயிறு. பக்கத்துக்கு ஒரு முறம் மாதிரி இறக்கை. உள்ளே ஒரு மனிதத் தலை. அடியில் நாலு குதிரைக் கால்.

"கால் எதுக்கு?"

"கால் வைக்காம நிக்க மாட்டேங்குதுங்க அய்யா."

ஊர்த் தலைவர் அம்பலம் சொல்லிச் செய்ததாம். அவர் வீட்டுக்கே போனேன்.

"மாமா, குதிரை எல்லா ஊர்லயும் நிக்குது. ஏரோப்ளேன் எந்த ஊர்ல இருக்கு? மகாராஜா தர்பார்ல இருந்து பெரிய ஆளுக வாராக. பதக்கத்தை அதுக்கு மாட்டி ஊர்வலம் விடுவோம்."

"அய்யனாருக்கு அதை ஓட்டத் தெரியுமா?"

"முத்தையா சொல்லிக் குடுக்கட்டும்."

சுற்றி இருந்தவர்கள் சிரிப்பு. நான் வேண்டிக்கொண்டதே விமானம்தான் என்று அங்கேயே ஒருவன் சாதிக்கிறான். பக்கத்தில் நின்று கேட்டானாம். அன்று என் பக்கத்தில் நின்றது ஒரு ஆடு.

மாசி 7

சூளை பிரித்தார்கள். ஒரு இறக்கை உடைந்து கிடந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்பலம் மட்டும், "மெழுகு வச்சு ஒட்டிரலாம்."

முத்தையா குனிந்து உள்ளே பார்த்தான்.

"பின்னாடி ஆளு எங்க?"

"ஒரு தலைன்னுதான் தம்பி சொன்னாக," என்றார் வேளார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவனாகவே சொன்னான். அவன் விமானத்தில் இரண்டு பேர். பின்னால் துப்பாக்கியோடு ஹர்னாம் என்று ஒரு பஞ்சாப் பையன்.

"குண்டு பட்டதும் அவன்கிட்டப் பேசிக்கிட்டே வந்தேன்ப்பா. பயப்படாத, ஊடு வந்துருச்சுன்னு. எறங்கித் திரும்பிப் பாத்த பெறகுதான் தெரிஞ்சுச்சு. எந்நேரம் போச்சோ அவன் உசிரு." கொஞ்ச தூரம் போய், "பதக்கம் எனக்கு மட்டும்தான்" என்றான்.

வேலி பிரிந்து கிடக்கிறது. கட்ட வேண்டும்.

மாசி 8

விடிந்ததும் கண்மாய். துண்டில் மண். முத்தையாவும் கூட வந்தான். கொட்டகையில் அம்பலம் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தார்.

வேளாரிடம் சொன்னேன், "குதிரை. வேற பேச்சு இல்ல."

"இனி பங்குனியிலதான் ஆகுங்க. தம்பி அதுக்குள்ள கெளம்பிருமே."

"அய்யனார்கிட்ட நான் தவணை கேட்டுக்குறேன்."

வேளார் துண்டைப் பார்த்தார். "ரெண்டு பிடி இருக்கு?"

"ரெண்டு குதிரை."

அம்பலம் எழுந்தார். "இன்னொண்ணு யாருக்கு மாமா?"

"இவனுக்குப் பின்னால உக்காந்திருந்தவனுக்கு."

"அவரு யாரு எவரு? நேர்த்தி திரும்பி வந்தவுகளுக்குத்தானே. அவரு திரும்பி வந்தாரா?"

"இவன் கூட்டிக்கிட்டு வந்தான்ல."

முத்தையா சூளைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். வேளார் இரண்டு கையையும் நீட்டினார்.