சிறில் மாமா ஒப்படைத்த மாத்திரைகள்

அக்கரப்பத்தனை,
21.09.1986

அன்பு மகள் ஐவிக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்தத் தூர தேசத்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா ஜெபமாலை முடிக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறாள். இங்கே மழை விட்டபாடில்லை. உன் கடிதம் ஆகஸ்ட் ஆறாம் தேதியே கிடைத்தது, பதில் எழுதச் சுணங்கியதற்குக் காரணம் உன் சிறில் மாமா. அம்மாவின் தம்பி என்பதற்காக மட்டும் நான் அவனைப் பொறுத்து வருவது உனக்குத் தெரியும். எனக்கு வரவேண்டிய தலைமை வாத்தியார் பதவியைச் செல்லசாமிக்குக் கொடுத்த அன்று பள்ளிக்கூட வாசலில் அவனுக்கு முதல் மாலை போட்டவன் உன் மாமாதான். பதினோரு வருஷம் ஆகிறது, மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை. ஆனாலும் இன்று அவனைப் புகழ்ந்துதான் எழுதவேண்டியிருக்கிறது, எழுதக் கை கூசுகிறது.

ஜூன் கடைசியில் அவன் தேயிலை லொறியை ரோட்டோரக் கானுக்குள் இறக்கியதும், தூங்காமல் கொழும்புக்கு ஓட்டுவதற்காக நாலு வருஷமாக ஏதோ மாத்திரை போட்டுவந்தது வெளியானதும் அப்போதே எழுதினேன். தோட்டத்துத் துரை அவனை லொறியிலிருந்து எடுத்து, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்குப் போட்டார். மாத்திரையை நிறுத்தியதும் மனிதன் சுருண்டுவிட்டான், பகலெல்லாம் தூக்கம், எழுந்தால் சுவரைப் பார்த்தபடி இருப்பான். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லை. இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் பேரை வெட்டிருவேன், குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் விட்டுற வேண்டியதுதான் என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அவன் பெண்சாதி, உன் அத்தை இராசம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மாவோ, தம்பிக்குத் தேத்தண்ணிச் சாயம் போதவில்லை என்று டஸ்ட் தூளைக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தாள், அதையும் குடித்துவிட்டுத் தூங்கினான். சோம்பலுக்கு நோய் என்று பேர் வைக்காதீர்கள் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. மகளே, உன்னைப் படிக்கவைத்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கண்டேன். மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததுக்கு உற்சாகத்தையும் ஆசையையும் சொல்லி அனுப்புவது டோபமின் என்ற பொருளால், அதை வாங்கிக்கொள்ள அடுத்த அணுவில் தனி இடங்கள் உண்டு, இந்த மாத்திரை அந்தப் பொருளை வெள்ளமாக இறைத்துவிடுவதால் வாங்கும் இடங்கள் குறைந்தும் மரத்தும் போகின்றன, மாத்திரையை நிறுத்தியபின் இயல்பாகச் சுரப்பது அவற்றுக்கு எட்டுவதில்லை, அதனால்தான் சோறும் சொந்தமும் ஒன்றும் ருசிக்காமல் கிடக்கிறான், தேற மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுதாகத் தேறாமலும் போகலாம், ஏசாதீர்கள் என்று எழுதியிருந்தாய். நான் மூன்று தடவை வாசித்துத்தான் விளங்கிக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரியாத இராசம்மாவுக்கு ஒரு தடவை சொன்னேன். அப்ப கவ்வாத்து வெட்டுன செடி மாதிரிதானே, கொழுந்து வர நாள் எடுக்குமில்ல, அதுவரைக்கும் செத்துப்போச்சுன்னு புடுங்கிப் போட்டுருவோமா என்றாள். மறுநாளிலிருந்து அவனை எழுப்பி முகம் கழுவிவிட்டு, மழைக்குச் சாக்கைத் தோளில் போட்டுப் பெரட்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாள். எதிலும் பிடிப்பில்லாமலே அவனும் போய்வந்தான். வாயில் வைக்கிறதெல்லாம் காகிதம் மாதிரி இருக்குக்கா என்று அம்மாவிடம் சொல்வானாம், ஆனாலும் போனான்.

போன செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நனைந்தபடி நம் வீட்டுக்கு வந்தான், செல்லசாமிக்கு மாலை போட்ட நாளுக்குப் பிறகு அவன் இந்த வாசலை மிதித்தது அன்றுதான். பழைய லொறிக் கூட்டாளி மாயாண்டி, ஒண்ணு போட்டுப் பாரு, பழைய சிறிலாயிருவே என்று ஆறு மாத்திரையைக் கையில் திணித்துவிட்டானாம். தூக்கிப் போட கை வரல மச்சான், இராசம்மாகிட்ட குடுத்தா நான் அழுதா மனசு எறங்கிருவா, அக்காவும் அப்படித்தான், ஒங்களுக்குத்தான் என் மேல எரக்கமே கெடையாது, நீங்க வச்சுக்கங்க என்று பொட்டலத்தை மேசையில் வைத்தான். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அவன் போனதும் கக்கூசுக் குழியில் போட்டுவிட்டேன். விடிந்ததும் வந்து நின்றான், இன்னைக்குச் செங்குத்து மலையில வேலை, பாதி மட்டும் குடுங்க மச்சான் என்றான். குழியில் கிடக்கிறது என்றேன். மகளுக்கு எழுத முடியாத வார்த்தைகளால் ஏசினான். நானும் பதிலுக்கு ஏசாமல் நின்றது எனக்கே ஆச்சரியம். அப்புறம் மழையில் நனைந்த முகத்தைத் துடைத்தான், கீழே போட்ட கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு நடந்தான். நான் பின்னாலேயே போனேன். பேர் கூப்பிட்டதும் இருக்கேங்க என்றான், குரல் எழும்பவில்லை, ஆனாலும் கண்டாக்கு காதில் விழுந்தது. சனிக்கிழமை வரை ஒரு நாளும் தவறவில்லை, பேரை வெட்டும் பேச்சு நின்றுவிட்டது. என் படிப்புக்கு இத்தனை மனஉறுதி இருந்திருந்தால் நான் வேறு எங்கோ இருந்திருப்பேன். நேற்று மத்தியானம் சம்பலில் உறைப்புக் கூடிப்போச்சு என்று குறை சொன்னானாம், அதைச் சொல்ல இராசம்மா இவ்வளவு தூரம் மழையில் ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரி இரவு வேலைக்காக நீ அந்த வகை மாத்திரை எதையும் தொடாதே, தூக்கம் வந்தால் தூங்கு. உன் மாமாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, உன் எழுத்தென்றால் அவன் கேட்பான், நான் புகழ்ந்ததை மட்டும் அதில் சொல்லிவிடாதே. மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
அலோசியஸ்