நீ துடுப்பை ஓங்கிய கோடை

அம்மா,

இன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து கூழ் கொதிக்கிற வாசனை வந்தது. அரிசி மாவு, அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம், இறக்கும்போது பிழிகிற எலுமிச்சம்பழம். வேங்கிக்காலில் இந்தக் குடியிருப்புக்கு வந்த பிறகு யாரும் வீட்டில் வடகம் போட்டு நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் கடைப் பாக்கெட்தான். வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். முதலில் பசித்தது. பிறகு ஜன்னலைச் சாத்தினேன். அந்த வாசனை எனக்கு இப்படித்தான் வருகிறது. ஒரு கை கூப்பிடுகிறது, இன்னொரு கை அறைகிறது.

கோடை என்றால் நீ வேறு ஆளாகிவிடுவாய். வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அண்டா அண்டாவாகச் சாம்பார் கிளறிய உனக்கு, மே மாதம் ஒன்றுதான் சொந்தம். ஊரே வெயிலைத் திட்டும்போது நீ மட்டும், "வரட்டும், நல்லா காயட்டும். லீவு இல்ல?" என்பாய். தேரடி வீதிக்குப் பின்னால் இருந்த நம் லைன் வீட்டில் எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே மொட்டைமாடி. சாயங்காலம் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுபோய்த் தரையில் ஊற்றுவோம். சூடு 'சொய்'யென்று அலறிக்கொண்டு ஆவியாக மேலே வரும். அதற்குப் பிறகு பாய் விரிப்போம். நம் லைனிலேயே குடியிருந்த ஷகிலா ஆன்ட்டி சப்ஜா விதை மிதக்கிற சர்பத் கொண்டுவருவார். நீ நுங்கு சீவுவாய். ஒரே வெட்டு, தலை தனியாகப் போய் விழும். "கைய நடுவுல வைக்காதடி, விரலு போயிடும்" என்று நீ சொல்லும்போதே அரிவாள் இறங்கியிருக்கும். மாங்காய்ப் பத்தையில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்று, நாக்கு எரிய, மலைமேல் வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த மாடியில் எல்லோரையும் விட ஜாஸ்தி சிரிப்பது செல்வி அக்கா. கடைசி வீட்டுக்காரி. உன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். நீ பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மாதிரி பேசிக் காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருளுவாள். அவள் சிரிப்பு தொடங்கினால் பாதியில் நிற்காது, மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் வந்துதான் ஓயும். சிரிக்கும்போது முந்தானை விலகும். தோளில், கழுத்தடியில், பழுத்த நாவல்பழ நிறத்தில் தடம் தெரியும். யாராவது பார்த்துவிட்டால் சட்டென்று இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

அவள் புருஷன் குமார் ஆட்டோ ஓட்டினான். குடிக்காத நாளில் நல்லவன் என்று தெருவில் சொல்வார்கள். குடிக்காத நாள் எது என்று யாரும் சொன்னதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழும், பிறகு ஆள் விழுகிற சத்தம் வரும். "புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள். நீ மறுநாள் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு போவாய். "ஆறிடும்மா. உடம்பு ஆறிடும்" என்பாய். உனக்கு அது நன்றாகத் தெரியும். அப்பா இருந்தவரை உன் உடம்பு எத்தனையோ முறை ஆறியிருக்கிறது. கொத்தனார் கை. அவர் ஒருமுறை முறுக்கிய உன் இடது மணிக்கட்டு கடைசிவரை நேராகவில்லை. மறுநாளும் அந்தக் கையாலேயே அவருக்குக் களி கிண்டிப் போட்டாய். அவர் குடித்துக் குடித்துக் குடல் வெந்து செத்த அன்றைக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அத்தைமார் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

நான் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்தபோது வந்த கோடை அது. சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலக் கூட்டம் இன்னும் கலையவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹாரன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. நீ விடியும் முன்னே கூழைக் கிண்டி, நானும் நீயுமாகக் குண்டானை மாடிக்குத் தூக்கிவந்தோம். அப்பாவுடைய பழைய வேட்டியை நனைத்து விரித்து நான்கு மூலையிலும் செங்கல் வைத்தாய். ஷகிலா ஆன்ட்டியும் செல்வி அக்காவும் அச்சோடு வந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் பிழிந்துவிட வேண்டும். நீ கை நீள மரக் களித் துடுப்பால் கூழைக் கிளறிக் கிளறி எடுத்துக்கொடுத்தாய், அவர்கள் பிழிந்தார்கள். நான் ஒரு கிண்ணத்தில் சுடச்சுட கூழை வாங்கி நல்லெண்ணெய் ஊற்றித் தின்றுகொண்டு காக்காய் விரட்டினேன்.

செல்வி அக்கா தன் பெயரை வடகத்தால் எழுத முயன்றாள். 'செ' போட்டபோதே கோணிக்கொண்டது. "இன்னாடி இது, கொம்பு பிஞ்ச ஆடு மாதிரி இருக்கு?" என்றாய் நீ. அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷகிலா ஆன்ட்டிக்கும் தொற்றிக்கொண்டது. மூன்று பேரும் அச்சைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரவெல்லாம் சவாரி அடித்து, விடிந்ததும் குடித்துவிட்டுக் குமார் வந்திருந்தான்.

"மாடி மேல இன்னாடி சிரிப்பு? தெருமுன வரிக்கும் கேக்குது. யாரக் கூப்புட்றதுக்கு சிரிக்கிற?"

செல்வி அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. அதற்குள் கொண்டையைப் பிடித்துவிட்டான். ஈர வேட்டியின் மேலேயே இழுத்தான். பிழிந்து வைத்ததில் பாதி வடகம் அவள் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. முகத்தில் குத்தினான். மூக்கு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி. "சிரி. இப்ப சிரி" என்று சொல்லிச் சொல்லிக் குத்தினான். ஷகிலா ஆன்ட்டி ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். அவரை எட்டி உதைத்தான். அவர் தண்ணீர்த் தொட்டியில் மோதி விழுந்தார்.

நம் மாடிச் சுவர் முழங்கால் உயரம்தானே. அங்கே அவளைத் தள்ளிக்கொண்டு போனான். கழுத்தைப் பிடித்து வெளியே வளைத்தான். அவள் கால் இரண்டும் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டன. கீழே கருங்கல் பாவின சந்து. அவள் கத்தவில்லை, கத்த மூச்சு இல்லை. அவள் கை மட்டும் காற்றில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

உன்னை நான் திரும்பிப் பார்ப்பதற்குள் நீ அங்கே போயிருந்தாய். முதல் அடி அவன் பின்மண்டையில் விழுந்தது. துடுப்பில் ஒட்டியிருந்த கொதிகூழ் அவன் கழுத்திலும் காதிலும் அப்பிக்கொண்டது. மாடு கத்துவது போலக் கத்திக்கொண்டு திரும்பினான். நான் செல்வி அக்காவின் புடவையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டேன். அவள் பிழைத்தாள். அதோடு முடிந்திருக்கலாம். நீ நிறுத்தவில்லை அம்மா. காதோடு சேர்த்து ஒரு அடி. அவன் மண்டியிட்டான். தோளில் ஒன்று. தலையைக் கையால் மூடிக்கொண்டான், அந்தக் கையின் மேல் ஒன்று, இன்னொன்று. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய். அண்டா கிளறுகிற அதே சீரில் உன் கை ஏறி இறங்கிற்று. விரித்திருந்த வேட்டி முழுக்க ரத்தம். வெள்ளை வடகத்தின் மேல் தெறித்து, அந்த வெயிலில் கண்ணெதிரே கறுத்துப்போனது.

"அம்மா, செத்துடுவான், விடும்மா!" என்று உன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். ஷகிலா ஆன்ட்டி துடுப்பைப் பிடித்துத் தொங்கினார். நீ எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டே இன்னும் ஒரு அடி போட்டாய். பிறகு திடீரென்று துடுப்பை விட்டுவிட்டு, "தண்ணி குடு" என்றாய். யாரிடம் கேட்டாய் என்று தெரியவில்லை. நான் கொடுத்தேன். பாதி உன் கழுத்தில்தான் வழிந்தது.

குமாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. இன்ஸ்பெக்டரம்மா கேட்டார், "மண்ட எப்படி ஒடைஞ்சுது?" நம் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அதுவரை டிவி சத்தத்தைக் கூட்டினவர்கள்தான். "கூழ் சிந்தி இருந்துதுங்க மேடம். வழுக்கி உழுந்துட்டாரு" என்றார் ஷகிலா ஆன்ட்டி. "ஆமாங்க, வழுக்கி உழுந்தாரு" என்றார்கள் எல்லோரும். சம்பவத்தின்போது மாடியிலேயே இல்லாதவர்களும் சொன்னார்கள்.

நீ எழுந்து நின்றாய். "நான்தாங்க அடிச்சேன்."

"நீ சும்மா உக்காரும்மா" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"இல்லங்க. வழுக்கி உழல. நான் அடிச்சேன். அவளக் கீழ தள்ளப் பாத்தான், அடிச்சேன். அப்புறம் தள்ளல, அப்பவும் அடிச்சேன்."

அப்போதுதான், மூக்கில் பஞ்சு அடைத்து உட்கார்ந்திருந்த செல்வி அக்கா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "மேடம், எம் புருஷன் மேல நான் கம்ப்ளைண்ட் குடுக்கணும்" என்றாள். கழுத்தைத் திறந்து காட்டினாள். பழைய தடம், புதுத் தடம் எல்லாவற்றையும் காட்டினாள். இன்ஸ்பெக்டரம்மா பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

உன் மேலும் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டுக்கு நடந்தாய். அவள் உயிரைக் காப்பாற்றத்தான் அடித்தாய் என்று செல்வி அக்கா கூண்டில் நின்று சொன்னாள். உன்னை விட்டுவிட்டார்கள். குமார் பிழைத்தான். ஒரு காது போனது. போளூர்ப் பக்கம் அண்ணன் வீட்டோடு போய்விட்டான். செல்வி அக்கா அதே வீட்டில் இருந்தாள், ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று தெரு சொன்னது. உன் கை சொல்லவில்லை. அந்தக் கோடை முழுக்க நீ மாடி ஏறவில்லை. தர்பூசணி வாங்கிவந்தால் கத்தியை என்னிடம் நீட்டினாய். ஒருநாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டாய், "அவன் தலைல அடிக்கும்போது எப்பிடி இருந்துச்சு தெரியுமா?" நான் உருவிய காம்பைப் பொறுக்கினேன். "நல்லா இருந்துச்சுடி" என்றாய். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாய்.

அடுத்த வருஷக் கோடையில் செல்வி அக்காதான் கூழ் கிண்டினாள். மூக்கு கோணலாகத்தான் கூடியிருந்தது. வந்து உன் கையைப் பிடித்து இழுத்தாள். "வாக்கா. நீ வராட்டி நானும் போமாட்டேன். கூழு கட்டி தட்டிடும், அப்புறம் உன் இஷ்டம்." நீ ஏறினாய். பிழியவில்லை, நிழலில் உட்கார்ந்து உப்பு சரியா என்று மட்டும் பார்த்தாய். யாரோ ஏதோ சொன்னார்கள், செல்வி அக்கா சிரித்தாள், பழையபடி மூச்சு முட்டுகிற வரைக்கும். நீ படியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். யாரும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் நீயும் சிரித்தாய்.

போன தை மாதம், ஆஸ்பத்திரியில் உன் கால் வீங்கிக் கிடந்தபோது, நான் கடைசியாகக் கேட்டேன். அன்றைக்கு அடித்ததில் வருத்தம் உண்டா என்று. நீ கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய், "நான் அவன மட்டுமா அடிச்சேன்? உங்கப்பன அடிச்சிருக்கணும். ஆளு மாறிப் போச்சு." பிறகு கஞ்சி கேட்டாய்.

உன்னைக் கிடத்தியிருந்த அன்றைக்குக் குமார் வந்தான். உனக்குத் தெரியாதே. பந்தலுக்கு வெளியே ஒரு மாலையோடு நின்றான், லேசாகத் தள்ளாடிக்கொண்டு. மண்டையில் தழும்பு மேல் முடி முளைக்கவில்லை. செல்வி அக்கா எழுந்து போனாள்.

"எதுக்கு வந்த?"

நல்ல காதைத் திருப்பிக்கொண்டு, "செத்துட்டாளானு பாக்க வந்தேன்" என்றான்.

"பாத்துட்ட இல்ல? மாலைய வச்சிட்டுக் கெளம்பு."

"நீ யாருடி என்னச் சொல்றதுக்கு?" கை மேலே போனது. அவள் நகரவில்லை. அப்போது எங்கள் பின்னால் ஒரு சத்தம் கேட்டது அம்மா. பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தரையில் தேய்கிற சத்தம். சந்துப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். அவன் கையை இறக்கினான். மாலையைத் தரையில் வைத்துவிட்டு வந்த வழியே போனான். செல்வி அக்கா அதை எடுத்து உன் மேல் போடவில்லை. சாக்கடையில் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

உன் கை வலு எனக்கு வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார், தேங்காய் உடைக்கும்போது. எனக்கு அது பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். சிரிப்பு பாதியில் சட்டென்று நின்றது. நான் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் போய் அந்தக் கதவைத் தட்டினேன். என் கை முறுக்கிக்கொண்டிருந்தது. அவள் கதவைத் திறந்தாள். ஒரு கையில் போன், உள்ளே அவள் புருஷன் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். "என்னக்கா?" என்றாள்.

"கொஞ்சம் தயிர் கெடைக்குமாம்மா?" என்றேன்.

கிண்ணம் நிறையக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் தயிர் இருந்தது.